ஆழமில்லாத கடலும் ஓர் ஆணியும்

புதுக்கோட்டை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, குடுமியான்மலை, செம்மண், கண்மாய். கடல் ஞாபகத்துக்கு வராது. அதற்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974 ஜனவரி 14 அன்று திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இந்த மாவட்டத்தை உண்டாக்கியபோது, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த நிலத்தோடு கடலும் சேர்ந்து வந்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல், முத்துக்குடா என்று ஒரு சின்னக் கரை. மன்னர்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் எழுதிய அளவுக்கு இந்தக் கரையின் படகுகளைப் பற்றி நாம் எழுதவில்லை.

இந்தக் கட்டுரை படகிலும்கூட ஒரு சின்ன பாகத்தைப் பற்றியது. பாய்மரப் படகின் அடியில் இறங்கி ஏறும் ஒரு பலகை, அந்தப் பலகையைத் தாங்கும் ஓர் ஆணி. என்னத்தப் பெரிய ஆணி என்று தோன்றலாம். தேருக்கு அச்சாணி என்ன செய்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே நாம். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

ஒரு தட்டுக் கடல்

புதுக்கோட்டைக் கரைக்கு முன்னால் இருப்பது பாக் விரிகுடா. அந்தப் பக்கம் இலங்கை, தெற்கே ராமேஸ்வரம் தீவும் ஆதம் பாலமும், வடக்கே கோடியக்கரை. மூன்று பக்கமும் அடைத்த கடல். சராசரி ஆழம் ஒன்பது மீட்டர் அளவுதான். அதாவது, ஒரு மூன்று மாடி வீட்டைக் கொண்டுபோய் நடுக்கடலில் வைத்தால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வெளியே தெரியும். கரையோரத்தில் நிலைமை இன்னும் மோசம், அல்லது பார்ப்பவரைப் பொறுத்து இன்னும் நல்லது. வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போகலாம். கீழே சேறும் மணலும், அதன்மேல் கடற்புல். அந்தப் புல்லை மேய வரும் ஆவுளியாவுக்காகத்தான் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று ஏற்பட்ட முதல் பாதுகாப்பகம் இது.

இப்படிப்பட்ட கடலில் பாய்மரப் படகு ஓட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்று பின்னாலிருந்து அடித்தால் பிரச்சினையே இல்லை, ஒரு வேட்டியை விரித்துப் பிடித்தாலும் படகு நகரும். காற்று பக்கத்திலிருந்தோ, முன்பக்கச் சாய்விலிருந்தோ வரும்போதுதான் வேடிக்கை. பாய் காற்றை வாங்கி படகை முன்னால் இழுக்கும். அதே நேரத்தில் பக்கவாட்டிலும் தள்ளும். படகின் அடியில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால்தான் பக்கவாட்டுத் தள்ளல் அடங்கி, முன்னோக்கிய ஓட்டம் மட்டும் மிஞ்சும். ஆழக்கடல் கப்பல்களுக்கு அந்த வேலையை ஏரா என்கிற அடிக்கட்டை செய்கிறது. அது ஆழமாக இறங்க இறங்க நல்லது.

ஆனால் நம் கடலில் ஆழமான அடிக்கட்டையோடு கரைக்கு வரமுடியாது. தரை தட்டும். தட்டையான அடி வைத்தால் கரைக்கு வரலாம், ஆனால் வாடைக்காற்று நேரே கரையைப் பார்த்து அடிக்கிற மாதங்களில் கடலுக்குள் போகமுடியாது. காற்று படகைத் தட்டில் வைத்த எண்ணெய்த் துளி மாதிரி வழுக்கிக்கொண்டே கரைக்குத் தள்ளிவிடும். ஆழம் வேண்டும், ஆனால் நிரந்தரமாக வேண்டாம். வேண்டும்போது இறங்கி, வேண்டாதபோது ஏறும் ஓர் ஆழம் வேண்டும்.

வத்தை கண்ட வழி

பாக் விரிகுடாவின் மேற்குக் கரையில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் வத்தை. தட்டையான அடி, நீளமான உடம்பு. பெரிய வத்தைகளில் மூன்று பாய்மரங்கள். பக்கவாட்டில், காற்றுக்கு மறுபுறம், கயிற்றில் தொங்கவிடும் ஒரு பலகை. அது தண்ணீருக்குள் இறங்கி பக்கவாட்டுச் சறுக்கலைத் தடுக்கும். படகைத் திருப்பினால் பலகையை மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். இதோடு, படகின் குறுக்கே காற்று வரும் பக்கம் நீட்டியிருக்கும் இன்னொரு நீளப் பலகை. அதன்மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்து, படகு கவிழாமல் தங்கள் உடம்பையே எடையாகக் கொடுப்பார்கள். காற்று கூடினால் இன்னும் வெளியே நகர வேண்டும், குறைந்தால் உள்ளே வர வேண்டும். ஒரு பலகை சறுக்கலுக்கு, ஒரு பலகை சாய்வுக்கு. இரண்டு வேலையையும் இப்படித் தனித்தனியாகப் பிரித்துவைத்ததில்தான் வத்தையின் புத்திசாலித்தனம் இருக்கிறது.

இந்தப் படகுகளை முதலில் விரிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்துறையில் வேலை பார்த்து அதன் இயக்குநராகவும் இருந்தவர். 1920இல் வங்காள ஆசியச் சங்கத்தின் வெளியீடாக வந்த இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய அவரது நூல் இன்றும் எல்லோரும் திரும்பிப்போகிற இடம். ஹார்னெலுக்கு ஒரு பித்து இருந்தது. எந்தப் படகைப் பார்த்தாலும் ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்பார். பாலினீசியாவரை கோடு இழுப்பார். அந்தக் கோடுகளில் பல இன்று நிற்கவில்லை. அவர் அளந்து, வரைந்து வைத்தவை நிற்கின்றன.

அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1990களில், லூசி புளூ, எரிக் கென்ட்லி, ஷான் மெக்ரெய்ல் ஆகியோர் தமிழகக் கரைக்கு வந்து வத்தையைப் பற்றி எழுதினார்கள். அவர்களை ஆச்சரியப்படுத்தியது வத்தை கட்டும் முறை. தெற்காசியாவின் பழைய படகுகள் பலவும் முதலில் பலகைகளைச் சேர்த்துத் தைத்தோ அறைந்தோ உடம்பை உண்டாக்கி, பிறகு உள்ளே சட்டம் வைப்பவை. வத்தையில் முதலில் விலா எலும்பு மாதிரி சட்டங்கள் நிற்கும், அதன்மேல் பலகை ஏறும். அந்தச் சட்டங்களின் வளைவையும் ஆசாரிகள் முன்கூட்டியே விகிதக் கணக்கால் வரைந்து முடிவு செய்கிறார்கள். ஐரோப்பாவில் மத்தியதரைக் கடல் கப்பல் கட்டுபவர்கள் கையாண்ட முறைக்கு இது நெருங்கி வருகிறது. காகிதத்தில் ஒரு வரைபடமும் இல்லாமல், ஒரு பலகையில் கீறிய கோடுகளிலிருந்து ஒரு படகின் முழு உடம்பும் பிறந்தது.

இங்கே நமக்கு முக்கியமான விஷயம் வேறு. வத்தையின் பக்கப்பலகையில் தேய்கிற பொருள் கயிறு. கயிறு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அறுந்தால் கடலிலேயே வேறு கயிறு கட்டலாம். பலகை உடைந்தால் கரைக்கு வந்து, கிடைக்கிற மரத்தில் ஆசாரி ஒரே நாளில் இன்னொன்று செதுக்கித் தருவார். படகின் அடியில் ஓட்டை கிடையாது, ஆணி கிடையாது. பழுது மொத்தமும் வெளியே, கைக்கெட்டும் இடத்தில்.

ஓட்டை போட்டவர்கள்

ஆழமற்ற கடல் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் மனிதர்கள் இதே பலகையை யோசித்திருக்கிறார்கள். சீனர்களிடம் பக்கப்பலகை இருந்தது. டச்சுக்காரர்கள் தங்கள் சேற்றுக் கடலில், பெரிய விசிறி மாதிரி இரண்டு பக்கமும் பலகை தொங்கும் படகுகளை ஓட்டினார்கள். தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் பால்சா மரத் தெப்பங்களின் இடுக்குகளில் பலகைகளைச் செருகி, அவற்றை ஏற்றி இறக்கியே தெப்பத்தைத் திருப்பினார்கள்.

படகின் நடுவில், அடியிலேயே ஓட்டை போட்டு, அதைச் சுற்றி தண்ணீர் ஏறாதபடி ஒரு பெட்டி கட்டி, பெட்டிக்குள் பலகையை இறக்கலாம் என்ற யோசனையை ஐரோப்பியக் கடற்படை வரை கொண்டுபோனவர் ஜான் ஷாங்க். ஸ்காட்லாந்துக்காரர். 1774இல் அமெரிக்காவின் பாஸ்டனில் இப்படி ஒரு படகைக் கட்டினார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் ‘லேடி நெல்சன்’ என்ற 60 டன் சிறு கப்பல். மூன்று பலகைகள், ஒவ்வொன்றும் தன் பெட்டிக்குள் நேராக ஏறி இறங்கும். 1800 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு டிசம்பரில் சிட்னி போய்ச் சேர்ந்தது. பலகைகளைத் தூக்கிக்கொண்டு, பெரிய கப்பல்கள் நெருங்கமுடியாத ஆழமற்ற கரைகளை அளப்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை.

நேராக இறங்கும் பலகைக்கு ஒரு குணம் உண்டு. தரை தட்டினால் விட்டுக்கொடுக்காது. ஒன்று பலகை உடையும், இல்லையென்றால் பெட்டி பிளக்கும். இதற்கு மருந்து கண்டவர்கள் அமெரிக்காவின் நியூஜெர்சியில், கேப் மே என்ற கடலோர ஊரைச் சேர்ந்த ஸ்வெய்ன் குடும்பத்தார் மூவர். 1811இல் காப்புரிமை வாங்கினார்கள். பலகையின் முன்மூலையில் ஒரு துளை, அதில் ஓர் ஆணி, ஆணியின் இரண்டு முனையும் பெட்டியின் இரண்டு சுவரில். அவ்வளவுதான். பலகை இப்போது அந்த ஆணியைச் சுற்றி விசிறி மடங்குவதுபோல மேலே மடங்கும். தரை தட்டினால் தானாகவே பின்னால் சாய்ந்து ஏறிக்கொள்ளும். ஆழம் வந்தால் தன் எடையில் தானே இறங்கும்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் கீல் இல்லாத கதவைப் பார்த்திருப்பீர்கள். கதவின் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டியிருக்கும் குடுமி, நிலைக்கல்லில் இருக்கும் குழிக்குள் உட்கார்ந்து சுழலும். அத்தனை கனமான கதவு ஒரு விரலில் திறக்கும். ஸ்வெய்ன்கள் செய்தது கதவைப் படுக்கப்போட்டது. ஒரு சின்ன வித்தியாசம்: கதவுக் குடுமி வறண்ட இடத்தில் இருக்கிறது, கிறீச்சிட்டால் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் போதும். படகின் குடுமி உப்புத் தண்ணீருக்கு அடியில், இருட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. அது கிறீச்சிடுவது யாருக்கும் கேட்காது.

நடுப்பலகை வந்ததும் அமெரிக்கக் கிழக்குக் கரையின் சிப்பிப் படகுகளும் சரக்குப் படகுகளும் பந்தயப் படகுகளும் அதற்கு மாறின. மாறிய வேகத்தில் ஒரு விஷயத்தை மறந்தார்கள். பலகை சறுக்கலைத் தடுக்கும், சாய்வைத் தடுக்காது. 1876 ஜூலையில் நியூயார்க் அருகே ‘மோஹாக்’ என்ற பெரிய ஆடம்பரப் பாய்க்கப்பல் ஒரு திடீர்க் காற்றில் கவிழ்ந்தது. அகலமான, ஆழமில்லாத உடம்பும் நடுப்பலகையும் கொண்டது. உரிமையாளரும் அவர் மனைவியும் உடனிருந்தவர்களில் சிலரும் மூழ்கினார்கள். வத்தைக்காரர்கள் இரண்டு வேலைக்கு இரண்டு பலகை வைத்திருந்தார்கள் என்று மேலே சொன்னதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

ஆணியின் உடம்பு

சரி, அந்த ஆணிக்கு என்னதான் ஆகும்? இன்று சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் (1911இல் தொடங்கியது) இளைஞர்கள் ஓட்டும் சின்னப் பாய்ப்படகுகளில் சிலவற்றுக்கு நேராகச் செருகும் பலகை, சிலவற்றுக்கு ஆணியில் சுழலும் பலகை. சுழலும் பலகை வைத்த படகை உலகில் எங்கே வைத்திருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது செய்யவேண்டிய வேலை ஒன்றேதான். படகைச் சாய்த்துப்போட்டு, பலகையின் எடையை ஒரு கட்டையில் தாங்கவைத்து, ஆணியைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்ப்பது.

முதலில் பார்க்கவேண்டியது துளை. புதிதாகப் போட்டபோது வட்டமாக இருந்திருக்கும். அலையில் படகு ஆடும்போதெல்லாம் பலகை ஆணியில் முட்டி முட்டி, துளை நீள்வட்டமாகியிருக்கும். ஓடும்போது அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தால் இதுதான் அர்த்தம். ஆட்டம் கூடக்கூடத் தேய்மானம் கூடும், தேய்மானம் கூடக்கூட ஆட்டம் கூடும். பெரிய ஆணியாகப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆனால் நீள்வட்டத் துளையில் பெரிய வட்ட ஆணியும் சரியாக உட்காராது. துளையைப் பெரிதாக்கி, சுத்தமாக உலர்த்தி, எபாக்சி நிரப்பி, அது இறுகியபின் பழைய மையத்திலேயே புதிதாகத் துளைத்து, ஒரு புஷ் அடித்து இறக்க வேண்டும். அப்போது அடுத்தமுறை தேய்வது புஷ்தான், பலகை இல்லை. மாற்றக்கூடிய ஒன்றைத் தேயவிட்டு, மாற்றமுடியாததைக் காப்பாற்றுவது பராமரிப்புக் கலையின் பாதி.

அடுத்தது உலோகம். பித்தளை ஆணி போட்டால் பார்க்க அழகாக இருக்கும். பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும். கடல்நீர் துத்தநாகத்தை மட்டும் மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆணி அதே அளவில், அதே வடிவில் இருக்கும், நிறம் மட்டும் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்குத் திரும்பியிருக்கும். உள்ளே பஞ்சு மாதிரி செம்பு. சுத்தியலால் ஒரு தட்டு, இரண்டாகிவிடும். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது நம் சமையலறை நம்பிக்கை. அதைக் காப்பாற்றுவது காற்றிலும் ஓடும் நீரிலும் இருக்கும் ஆக்சிஜன் உண்டாக்கும் மெல்லிய படலம். ஆணி உட்கார்ந்திருக்கும் இடுக்கில் தண்ணீர் தேங்கி, ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அந்தப் படலம் சிதைந்து, வாஷருக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் குழி விழும். இரும்புத் தகட்டுப் பலகையில் எவர்சில்வர் ஆணி போட்டால் கதை இன்னும் மோசம். இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். இரும்பு தன்னைக் கரைத்துக்கொண்டு ஆணியைக் காப்பாற்றும், துளை பெரிதாகிக்கொண்டே போகும். இதனால்தான் செம்போடு வெள்ளீயம் சேர்ந்த வெண்கல வகைகள், நம் லேத் பட்டறைகளில் ‘கன்மெட்டல்’ என்று சொல்வது உட்பட, கடல் வேலைக்குத் தொடர்ந்து வருகின்றன.

மூன்றாவது கசிவு. ஆணி பெட்டிச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. பல படகுகளில் அந்தத் துளை நீர்மட்டத்துக்குக் கீழே. வாஷருக்கு அடியில் ஒரு காலத்தில் தோலும் கொழுப்பும் வைத்தார்கள், இப்போது ரப்பர். கசிந்தால் முறுக்கத் தோன்றும். மரப்பெட்டியாக இருந்தால் அதிகம் முறுக்கினால் சுவர் உள்ளே நசுங்கி பலகை இறுகிவிடும். கசிவு நிற்கும், பலகை இறங்காது. மரப்பலகை நனைந்து உப்பும், அதற்கும் இடம் விட வேண்டும். கொட்டலசு பெட்டிக்குள் ஒட்டி வளரும். கரையில் ஏற்றும்போது மணலும் சிப்பித்துண்டும் பிளவுக்குள் போய் ஆப்பு அடித்ததுபோல நிற்கும்.

இப்போது பாக் விரிகுடாவுக்குத் திரும்புவோம். சேற்றில் இறங்கி, சேற்றில் ஏறி, நடுவில் வலையைக் குவித்துவைத்து, வருஷம் முழுக்க வேலை செய்யும் ஒரு படகுக்கு இந்த ஏற்பாடு எப்படிப் பொருந்தும்? அடியில் பிளவு, அதில் சேறு, படகின் நடுவிடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி, பழுதைப் பார்க்கப் படகையே சாய்க்க வேண்டிய நிலை, ஆணி கடைய லேத் வேண்டும். கயிற்றில் தொங்கும் பலகை வேகத்தில் கொஞ்சம் பின்தங்கினாலும், இந்தக் கணக்கில் ஜெயிக்கிறது. டேவிட் எட்ஜர்டன் என்ற வரலாற்றாசிரியர் 2006இல் எழுதிய ஒரு நூலில், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதாமல், பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறாக எழுத வேண்டும் என்று வாதாடினார். அந்தக் கண்ணால் பார்த்தால் வத்தையைப் பின்தங்கிய படகு என்று சொல்ல வாய் வராது. பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கட்டிய படகு அது.

பாய் போனது, குடுமி வந்தது

பிறகு எல்லாம் மாறியது. 1960களிலிருந்து தமிழகக் கரைக்கு விசைப்படகுகள் வந்தன. இறால் ஏற்றுமதி அவற்றை இழுத்துக்கொண்டு வந்தது. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் விசைப்படகுத் தளங்களாயின. நாட்டுப்படகுகளும் மெல்ல என்ஜினுக்கு மாறின. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் தமிழகக் கரைக்கு வந்தன. மரம் குறைந்தது, பாய் சுருண்டது. பாய் போனால் பக்கப்பலகைக்கு வேலை இல்லை. ஆட்கள் ஏறி உட்கார்ந்த நீளப் பலகைக்கும் வேலை இல்லை.

ஆனால் கடலின் ஆழம் மாறவில்லை. பாய்க்குப் பதிலாக என்ஜின் வந்தால் பலகைக்குப் பதிலாக புரொப்பல்லர் வருகிறது. அதுவும் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும், அதுவும் தரை தட்டும், அதையும் கரைக்கு வரும்போது தூக்க வேண்டும். 1979இல் தொடங்கி சென்னையிலிருந்து செயல்பட்ட, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று இதுதான்: கரையில் ஏறி இறங்கும் சிறு படகில் புரொப்பல்லரை எப்படித் தூக்குவது? இன்று இந்தக் கரையின் சிறு படகுகளில் பார்க்கிற பதில், நீள வால் வைத்த என்ஜின். என்ஜின் படகின் மேல் விளிம்பில், ஒரு குடுமியில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து நீளமான கம்பி பின்னால் போய் தண்ணீரைத் தொடுகிறது. ஆழம் குறைந்தால் கைப்பிடியை அழுத்தினால் போதும், வால் மேலே வந்துவிடும்.

ஸ்வெய்ன்களின் ஆணி பாக் விரிகுடாவுக்குப் பலகையின் அடியில் வரவில்லை. என்ஜினுக்கு அடியில் வந்தது. அதுவும் தண்ணீருக்கு மேலே, கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற இடத்தில். கிரீஸ் வைக்கலாம், ஸ்பேனர் போடலாம், கடலிலேயே கழற்றி மாட்டலாம். வத்தையின் கயிறு இருந்த அதே இடத்துக்குப் பழுது திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கரையின் பழைய புத்தி புதுப் பொருளிலும் தன் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது.

விசைப்படகின் கதை வேறு. அதன் புரொப்பல்லர் தண்டு படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த இடத்தில் ஒரு புஷ். அது தேய்ந்தால் தண்டு ஆடும், தண்ணீர் கசியும். பார்க்க வேண்டுமென்றால் படகைக் கரையேற்ற வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை மீன் இனப்பெருக்கத்துக்காக என்று அறிவிப்பில் இருக்கும். கரையில் அதற்கு இன்னொரு பெயர் இருக்க நியாயமுண்டு: பழுதுபார்க்கும் பருவம். மரம் மாற்றுவதும் வண்ணம் பூசுவதும் புஷ் மாற்றுவதும் அந்த 61 நாளில்தான். வருமானம் இல்லாத மாதங்களில்தான் செலவு முழுக்க வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடலையா, படகையா

ஆழமற்ற கடலை எதிர்கொள்ள இரண்டு வழி இருக்கிறது. படகைக் கடலுக்கு ஏற்ப மாற்றுவது ஒன்று. கடலைப் படகுக்கு ஏற்ப மாற்றுவது இன்னொன்று. இரண்டாவது யோசனைக்கும் நம் கடலில் நீண்ட வரலாறு உண்டு. 1860இல் ஏ.டி. டெய்லர் என்ற கடற்படை அதிகாரி கால்வாய் வெட்டலாம் என்று திட்டம் கொடுத்தார். அதன்பிறகு எத்தனையோ குழுக்கள். கடைசியில் 2005 ஜூலை 2 அன்று மதுரையில் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கியது. 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். 2007இல் உச்ச நீதிமன்றத்தில் சிக்கி நின்றது. ராமர் பாலம் பற்றிய சண்டையில் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. ஒன்பது மீட்டர் கடலில் பன்னிரண்டு மீட்டர் பள்ளம் தோண்டினால் அது அப்படியே இருக்குமா? சேறு திரும்பி வரும், திரும்பத் திரும்பத் தோண்ட வேண்டும். கால்வாய்க்கும் பராமரிப்பு உண்டு. அந்தச் செலவை யாரோ வருஷாவருஷம் கட்ட வேண்டும்.

2017இல் பாக் விரிகுடாவின் இழுவைப்படகுகளைக் கைவிட்டு, ஆழ்கடல் சூரைப் படகுகளுக்கு மாறுவதற்கான திட்டம் வந்தது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கானது. நோக்கம் நியாயமானது. இழுவை வலை கடற்புல்லைச் சீவிக்கொண்டு போகிறது, எல்லைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து மீனவர்களின் வலையையும் அறுக்கிறது. சிறைக்குப் போகிறவர்களும் படகை இழக்கிறவர்களும் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஆழ்கடல் படகுக்கு ஆழமான உடம்பு வேண்டும். ஆழமான உடம்பை ஆழமில்லாத கரையில் எங்கே நிறுத்துவது? மறுபடி அதே பழைய கேள்வி.

ஆவுளியா மேயும் புல்வெளிக்கு மேலே போகிற படகு எப்படி இருக்க வேண்டும் என்று இன்று யாராவது புதிதாக வரைய உட்கார்ந்தால், அவர் மேசையில் இருக்கவேண்டிய விதிகள் இவை: அடி தட்டையாக இருக்க வேண்டும். கீழே இறங்குகிற எதுவும் தரையைத் தொட்டதும் விட்டுக்கொடுத்து மேலே ஏற வேண்டும். தேய்கிற பாகம் வெளியே தெரிய வேண்டும். அதை உள்ளூர்ப் பட்டறையில் மாற்ற முடிய வேண்டும். இதில் முதல் விதியிலிருந்து கடைசி விதி வரை வத்தைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சட்டங்களின் விகிதக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் ஆசாரிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. ஃபைபர் படகுக்கு அச்சு இருந்தால் போதும், அந்தக் கணக்கு வேண்டாம்.

கல்வெட்டுகளைப் படியெடுத்ததுபோல, சமஸ்தானத்துக் கோயில்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டதுபோல, இந்தக் கரையின் படகுக் கணக்கையும் யாராவது ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அளவுகோல், சாக்குக்கட்டி, ஒரு பழைய வத்தை, அதைக் கட்டிய கை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.